அத்தா, மிஷின எடைக்கு போட்டாச்சு

அத்தா,

இன்னிக்கு காலையில பஞ்சு அடிக்கிற மிஷின தூக்கிட்டு போயிட்டாங்க. அத வாங்குன கதையும் யார் நகை அடகுக்கு போச்சுன்றதும் உங்களுக்கே தெரியும், இங்க நாலு பேர் படிக்கிறாங்க, அது வேணாம்.

2012 பவர்கட்டுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. பத்து பன்னெண்டு மணி நேரம் கரண்டு இல்ல, விடிஞ்சா கல்யாண வீட்டுக்கு ரெண்டு மெத்தை குடுத்தாகணும், நான் மிஷின் பக்கத்துல உக்காந்து பல்பையே பாத்துட்டு இருக்கேன், நீங்க ஒண்ணும் பேசாம பரண்ல இருந்து கையால பஞ்சு அடிக்கிற வில்ல இறக்கி நரம்ப இழுத்துக் கட்டி, காதுகிட்ட வெச்சு ஒரு தட்டு தட்டிப் பாத்தீங்க. பஞ்சு கெடக்குன்னு மெழுகுவத்தி கூட ஏத்த விடல, டார்ச்ச ஆணியில மாட்டிட்டு விடிய விடிய டொய்ங் டொய்ங்னு. கட்டி தட்டிப்போன பஞ்சு நரம்புல பட்டு நொர மாதிரி எகிறி எகிறி விழுந்துச்சு.

விடிஞ்சதும் மெத்தை வாங்க வந்தவர் அமுக்கி பாத்துட்டு "மிஷின்ல அடிச்சதுதானே?"ன்னார்.

ஆமாண்ணேன்னுட்டேன்.

நீங்க பின்னாடி நின்னீங்க, புருவம் பூரா பஞ்சு. நரம்ப தளத்திட்டு உள்ள போயிட்டீங்க.

தப்புதான் அத்தா, மன்னிச்சிருங்க. ஆனா கையில அடிச்சதுன்னா காச கொறச்சிருப்பாரே. வில்ல தோள்ல போட்டு தெரு தெருவா நடந்து, ஒரு மெத்தைக்கு அரைமணி நேரம் நீங்க பேரத்துல நின்னத பாத்து வளந்தவன் நான். காந்தி பஞ்சு அடிக்க ஆள் தேடுனப்ப கெடச்சவர் மாசம் 35 ரூபாய்க்கு கொறையாம கேட்டாராம், அப்ப எந்த வெலையும் அதிகமா தெரியலன்னு சத்திய சோதனையில எழுதிருக்காரு. நமக்கு அப்படி ஒரு கிராக்கியும் மாட்டல.

மூக்குல துண்டு கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? கேக்கல. அந்த இருமலுக்கு ராத்திரி முழிச்சது யாரு, நீங்களா? சரி, இத்தோட விடுறேன்.

மிஷின் பஞ்ச அத்துப் போடுது, சீக்கிரமே கட்டி தட்டும்னீங்க. மெத்தை திரும்பி வந்தா நமக்குத்தான வேலைன்னு சிரிச்சேன். கட்டி தட்டுச்சு, நீங்க சொன்ன மாதிரியே. திரும்பி வரல, ஃபோம் மெத்தை வாங்கிட்டாங்க.

எடைக்கு எடுக்க வந்தவன் வில்ல பாத்துட்டு "இதையும் போட்றவாண்ணே, வெறகுக்காவது ஆகும்"ன்னான். வேணாம்னுட்டேன். பாசம்லாம் இல்ல, உங்க மேல கோவம் அப்படியேதான் இருக்கு. நரம்ப வேற எலி கடிச்சிருச்சு. பரண்ல எடம் இருக்கு, கெடக்கட்டும்.