காரில் பாட்டு: அப்பாவுக்கு ஒரு கடிதம்

நார்த்தாம்ப்டன்
11.3.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கார்டில் இருந்த நிமிஷம் தீர்ந்துவிட்டது. "கார் வாங்கினது சரி, அதுல டேப் இருக்கா, இல்ல வெறும் ரேடியோதானா?" என்று கேட்டீர்கள். அம்மா நிறத்தைக் கேட்டாள், தம்பி எத்தனை சிசி என்று கேட்டான். கோவில்பட்டியில் அத்தனை வருடம் ரெக்கார்டிங் சென்டர் நடத்தினவர் வேறு எதைக் கேட்பீர்கள்! போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் நாலு நர்ஸ்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆளாளுக்கு வேறு ஷிஃப்ட். எந்த நேரத்தில் பார்த்தாலும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அறைக்கும் அறைக்கும் நடுவில் செங்கல் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அடுத்த அறையில் இருமினால் இங்கே கேட்கும். டேப்பைப் போட்டுவிட்டுச் சமைக்கிற நம் வீட்டுப் பழக்கமெல்லாம் இங்கே செல்லாது. வாய்விட்டுப் பாட்டு கேட்க எனக்கு இருக்கிற ஒரே அறை கார்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்து கிடக்கும். பிளாஸ்டிக் தகட்டால் அதைச் சுரண்டி எடுத்து, ஹீட்டரைப் போட்டு, கை சூடாகிறவரை உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் ஒரு பாட்டு வேண்டும் அப்பா. காபி கூட அப்புறம்தான்.

கார் எட்டு வருடம் பழசு. டாஷ்போர்டில் ரேடியோவும் கேசட் டெக்கும் சேர்ந்த செட். சி.டி. கிடையாது. என் பாட்டெல்லாம் இருப்பதோ ஐபாடில், தம்பி ஏற்றிக் கொடுத்தது. அதிலிருந்து சத்தம் வெளியே வர ஹெட்ஃபோன் பின் குத்துகிற ஓட்டை உண்டு. செட்டில் உள்ளே போவதற்குத்தான் ஓட்டை இல்லை. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டே ஓட்டலாமே என்று தம்பி சொல்வான். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் கேட்காது என்று அவனிடம் சொல்லுங்கள்.

முதலில் வாங்கியது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஐபாடின் பாட்டை அது ஒரு குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்பும், கார் ரேடியோவில் அதே எண்ணைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். போன டிசம்பர் 8 வரைக்கும் இங்கே இதைப் பயன்படுத்துவதே குற்றம், 1949ஆம் வருடத்து வயர்லெஸ் சட்டப்படி. ஆஃப்காம் என்று இங்கே அலைவரிசைகளைக் கவனிக்கிற அமைப்பு, அன்றைக்குத்தான் அனுமதி கொடுத்தது. அதுவும் 50 நானோவாட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு வாட்டை இரண்டு கோடிப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. உங்கள் டேபிள் ரேடியோ எத்தனை வாட் என்று யோசித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஊருக்குள் அது நன்றாகவே பாடியது. சோதனை லண்டன் போகும்போதுதான். ஈஸ்ட் ஹாமில் நம்மவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பொன்னி அரிசி, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே முருகன் கோயில். மாதச் சாமான் வாங்க எம்1 சாலையைப் பிடித்துப் போவேன். லூட்டன் தாண்டுகிற வரைக்கும் கவலையில்லை. நார்த் சர்குலர் சாலையில் ஏறியதும் பாட்டு கரகரக்கும், ஒரு வரி நம் பாட்டு, ஒரு வரி யாரோ ஒருவரின் பேச்சு. லண்டனில் எஃப்.எம். முழுக்க ஆட்கள். 89.1இல் வருகிற பிபிசி ரேடியோ 2, கென்ட் பக்கத்து ரூட்டம் கோபுரத்திலிருந்து 250 கிலோவாட்டில் அடிக்கிறது. அது போக, அடுக்குமாடி உச்சியில் களவாக ஏரியல் கட்டி லைசென்ஸ் இல்லாமல் நடத்துகிற ஸ்டேஷன்கள் வேறு இந்த ஊரில் ஏராளம். இத்தனை பேருக்கு நடுவில் என் 50 நானோவாட் எங்கே எடுபடும்? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் காலி இடம் தேடி இரண்டு பக்கமும் எண்ணை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது கையில் போன் வைத்திருந்தால் போன மாதம் 27ஆம் தேதியிலிருந்து 60 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் மூன்று புள்ளியும். ஐபாட் போன் இல்லை என்றாலும், கையில் எதையாவது நோண்டிக்கொண்டு வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லை என்று பிடிக்க அவர்களுக்கு வேறு பிரிவு இருக்கிறது. கஷ்டப்பட்டு வாங்கின லைசென்ஸ் இது. நம் இந்திய லைசென்ஸ் இங்கே ஒரு வருடம்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. ஆகவே டிரான்ஸ்மிட்டர் டிராயருக்குள் போயிற்று.

அடுத்து வாங்கியதுதான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்ட சாமான். கேசட் அடாப்டர். பார்க்க அச்சு அசல் கேசட். உள்ளே டேப் இல்லை, ஓரத்திலிருந்து ஒரு வயர் நீண்டு ஹெட்ஃபோன் பின்னில் முடிகிறது. டேப் ஓடுகிற வாயில், டெக்கின் பிளே ஹெட்டுக்கு நேர் எதிரே, இதில் இன்னொரு ஹெட் பதித்திருக்கிறார்கள். ஐபாடிலிருந்து வருகிற சிக்னல் அந்த ஹெட்டில் காந்தப்புலமாக ஏறி இறங்குகிறது. டெக்கின் ஹெட் அதை டேப்பிலிருந்து வருகிற காந்தம் என்றே நினைத்துப் படித்துவிடுகிறது. தலையும் தலையும் முட்டிக்கொண்டு பேசுகின்றன, நடுவில் டேப்பே கிடையாது. யார் யோசித்தார்களோ, மகா கெட்டிக்காரர்! ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டேன். டேப் இரைச்சலைக் குறைக்கிற டால்பி பட்டனை அணைத்து வைத்தேன். இது டால்பியில் பதிந்த டேப் இல்லையே, அந்தப் பட்டன் போட்டிருந்தால் ஜால்ரா சத்தமெல்லாம் போர்வைக்குள் போய்விடும். ஐபாடில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாமல், மீதியைக் கார் செட்டில் ஏற்றினால் சத்தம் உடையாமல் வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், டிரான்ஸ்மிட்டரை விட இது பல மடங்கு மேல்.

ஒரு தொல்லை இருந்தது. டெக்கின் இரண்டு சுழலும் கம்பிகளையும் சமாதானப்படுத்த அடாப்டருக்குள் பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். பாட்டு மெதுவாகப் போகிற இடத்தில் அவை கடகடவென்று கேட்கும். காலைக் குளிரில் இறுகிப் போய் நின்றும் விடும். உடனே டெக்குக்கு, டேப் முடிந்துவிட்டது என்று நினைப்பு. ஆட்டோ ரிவர்ஸில் இந்தப் பக்கம் திருப்பும், அந்தப் பக்கம் திருப்பும், கடைசியில் கோபம் வந்து வெளியே துப்பிவிடும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்குரூவைக் கழற்றி, நடுவில் இருந்த சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டேன். ஓட்டத்தைக் கவனிக்கிற பக்கத்துச் சக்கரத்தை டெக்கே சுற்றிவிடுவதால் அதற்குச் சந்தேகம் வரவில்லை. கடகடவும் போயிற்று. எல்லா டெக்கும் இப்படி ஏமாறாதாம், என்னுடையது ஏமாந்தது. கூட இருக்கிற மலையாளப் பெண், "நீ நர்ஸா மெக்கானிக்கா?" என்று கேட்டாள். கடையில் பள்ளிக்கூட லீவு முழுக்க ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தது நான்தானே, அதைச் சொன்னேன்.

இன்னொரு வேடிக்கை. இங்கத்துக் கார் ரேடியோவில் டி.ஏ. என்று ஒரு பட்டன். அதைப் போட்டிருந்தால், கேசட் ஓடிக்கொண்டிருந்தாலும், சாலை நிலவரம் வாசிக்கிற நேரத்தில் செட் தானாக ரேடியோவுக்குத் தாவிவிடும். சரணத்தில் உருகிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் புகுந்து, எம்1இல் ஒன்பதாவது ஜங்ஷனில் லாரி கவிழ்ந்திருக்கிறது என்பார். சொல்லி முடித்ததும் பாட்டு திரும்ப வரும், ஆனால் ஐபாட் நிற்காமல் ஓடியிருக்குமே, சரணம் போயே போயிருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை அதைக் கேட்டு வேறு வழியில் போய் ஷிஃப்டுக்கு நேரத்தில் சேர்ந்தேன். அதிலிருந்து அணைப்பதில்லை.

பிப்ரவரிக் கடைசியில் டெக்கின் மோட்டாரே நின்றுவிட்டது. பெல்ட்டாகவும் இருக்கலாம், இங்கே அதைப் பிரித்துப் பார்க்கிற ஆள் கிடையாது. ரிப்பேர் என்றாலே இவர்கள் புதுசு வாங்கச் சொல்வார்கள். சரி என்று, ஐபாட் வயரை நேராகக் குத்துகிற ஆக்ஸ் ஓட்டை முன்பக்கம் உள்ள ஒரு செட்டை 60 பவுண்டுக்கு வாங்கினேன். மாட்டிக் கொடுக்கத் தனியாக 40 பவுண்டு கேட்டார்கள். நம் காசில் மூவாயிரத்து நானூறுக்கு மேல்! நானே மாட்டிவிட்டேன் அப்பா.

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. செட் உட்காருகிற பொந்து நிறையக் கார்களில் ஒரே அளவு, 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டின் என்கிற ஜெர்மன் தர அமைப்பு போட்ட கணக்கு, அதனால் டின் சைஸ் என்கிறார்கள். பழைய செட்டின் முகத்தில் நாலு ஓட்டை. யு மாதிரி வளைத்த கம்பி இரண்டை அதில் குத்தி வெளிப்பக்கம் அகட்டி இழுத்தால் செட் கையோடு வந்துவிடும். பின்னால் எட்டு எட்டுப் பின்னாக இரண்டு பிளக், ஒன்று கரண்டுக்கு, ஒன்று ஸ்பீக்கருக்கு. ஏரியல் தனி. மாற்றிச் சொருகினேன், பாடியது. ஆனால் சாவியை எடுத்ததும் செட்டுக்கு மறதி வந்துவிடும், கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும், பிடித்து வைத்த ஸ்டேஷன் எதுவும் இருக்காது. பார்த்தால், மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், சிவப்பில் சாவி போட்டால்தான் வர வேண்டும். இந்தக் காரின் பிளக்கில் அந்த இரண்டும் இடம் மாறியிருக்கிறது. இப்படிச் சில கார்கள் உண்டு என்பதால், செட் செய்தவர்களே அந்த வயர்களின் நடுவில் கழற்றி மாட்டுகிற மாதிரி இணைப்பு வைத்திருக்கிறார்கள். மஞ்சளைச் சிவப்பிலும் சிவப்பை மஞ்சளிலும் மாற்றிப் போட்டதும் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உங்கள் பாடம். ஐபாடுக்கு சார்ஜ் ஏற, சிகரெட் பற்றவைக்கிற சாக்கெட்டில் சார்ஜர் போட்டேன். ஆக்ஸ் வயரும் போட்டேன். பாட்டுக்கு அடியில் ஙீ என்று ஒரு ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளையும் ஏறும், விட்டால் இறங்கும். சார்ஜரைப் பிடுங்கினால் சுத்தம். கல்யாண வீட்டில் மைக் செட்டில் ஹம் வரும்போது நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எர்த்தைத்தான் முதலில் தேடுவீர்கள். அதேதான். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டும் சேர்ந்து வளையமாகி, இன்ஜினோடு சுழன்று கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் சுற்றுகிறது. கேசட் அடாப்டரில் இந்தத் தொல்லை ஏன் வரவில்லை என்று யோசித்தேன். அங்கே வயருக்கு வயர் தொடர்பே இல்லையே, சிக்னல் காந்தமாகத்தானே தாண்டியது! கடையில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு அடைத்த ஒரு டப்பா விற்கிறார்கள். ஆக்ஸ் வயரின் நடுவில் அதைப் போட்டேன், ஊளை அடங்கிவிட்டது. பாஸ் மட்டும் துளி குறைந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. கூட வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

செட்டின் முகத்தை மட்டும் தனியாகக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியை உடைத்துத் திருடுகிறவர்களுக்கு அது இல்லாமல் பிரயோஜனம் இல்லை. ஆகவே வார்டில் என் பையில் ஸ்டெதாஸ்கோப்போடு கார் ரேடியோவின் முகமும் கிடக்கிறது.

இனி உங்களால் ஆக வேண்டிய காரியம். டெக்கையும் மீதிக் கேசட்டுகளையும் எடைக்குப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். போடாதீர்கள். சினிமாப் பாட்டு போனால் போகட்டும், அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பங்குனித் திருவிழாவில் நீங்கள் மைக் வைத்துப் பிடித்த நாதஸ்வரம், பெரியம்மா பாடின தாலாட்டு, தம்பி மழலையில் பேசினது, இதெல்லாம் எந்தக் கடையிலும் விற்காது. தம்பியின் கம்ப்யூட்டரில் அவற்றை ஏற்றிவிடுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து வயரை எடுத்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கிற நீல நிற ஓட்டையில் குத்துங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, அதில் குத்தினால் சத்தம் உடைந்துவிடும். லெவல் சிவப்புக்குப் போகாமல் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் வேவ் கோப்பாகப் பதிந்து ஒரு டி.வி.டி.யில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எம்பி3 ஆக்கினால் போதும். பழைய டேப் ஒட்டிக்கொண்டிருக்கும், போடுவதற்கு முன் ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தம்பிக்காகச் சொல்கிறேன், அவன் அவசரக்காரன்.

அடுத்த மாதம் அத்தை வீட்டு அண்ணன் லண்டன் வருகிறார் இல்லையா, அவரிடம் டி.வி.டி.யைக் கொடுத்தனுப்புங்கள். கடலை மிட்டாயும் கொஞ்சம். டிரான்ஸ்மிட்டரை அவர் திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன். தம்பி அதைப் பிரித்துப் பார்க்கட்டும், ஊரில் வைத்து ஒலிபரப்பக் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் முட்டி வலிக்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். புதன்கிழமை எனக்கு ஆஃப், உங்கள் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்