ஈரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

வேலூர்,
ஈஸ்டர் கழிந்த புதன்

அன்புள்ள நெட்டைக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதறேன். திட்டறதா இருந்தா முழுசா படிச்சிட்டுத் திட்டு. இங்க எல்லாரும் சுகம். வெயிலைப் பத்தி உனக்குச் சொல்லணுமா என்ன! பேத்தி நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நம்ம ஹாஸ்டல் மூணாவது கட்டில்காரி வந்திருந்தா. உன் பூரிக் கதையை அதே மாதிரி சொல்லிச் சிரிச்சிட்டுப் போனா.

சபை கமிட்டிக்கு நான் செயலாளர் ஆனதைப் போன்ல சொன்னேனில்ல? பெரிய வியாழன் ஆராதனையில, ஆண்டவர் சீஷருங்க காலைக் கழுவின மாதிரி ஆயர் கால் கழுவறதுக்குப் பன்னிரண்டு பேர் லிஸ்ட் போட்டதும் நான்தான். கமிட்டிக்காரங்க, ரெண்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கட்டட நிதிக்குப் பெரிய தொகை குடுத்தவங்க. எல்லாரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்ச்சிட்டு வந்திருந்தாங்க. ஆயர் முழங்கால் போட்டுக் கழுவித் துடைச்சார். பேசின்ல தண்ணி ஊத்தினபடியே தெளிவா கெடந்துச்சு.

அந்தத் தண்ணியைத் தூக்கிட்டுப் போனவர், கோயிலைப் பெருக்கிப் பூட்டற நம்ம தாத்தா. வெறுங்கால். மொசைக் தரையில ஈரத் தடம். இடது கால் தடத்துல மட்டும் பெருவிரல் கிட்ட சிவப்பா ஒரு பொட்டு. ஆனா மனுஷன் நொண்டவே இல்ல, நெட்டை. உனக்குச் சொல்லத் தேவையில்ல, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

சனிக்கிழமை கொசப்பேட்டையில அவர் வீட்டுக்குப் போனேன். சுகர் பல வருஷமா இருக்காம், கால்ல உணர்ச்சியே போயிடுச்சு. பெருவிரலுக்கு அடியில புண்ணு, சுத்தி ஆணி மாதிரி தடிச்ச தோல். எப்ப வந்துச்சுன்னே தெரியலைங்கறார். நான் தரையில உக்காந்து காலை மடியில எடுத்தா, வெடுக்குனு இழுத்துக்கறார். "செக்ரட்டரியம்மா, நீங்க என் காலைத் தொடறதா?" பேதுருவும் இப்படித்தானே மறுத்தான்! அன்னிக்கு அது அடிமை செய்யற வேலை. ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, சீலையை அரையில கட்டிக்கிட்டுச் செஞ்சார்.

எனக்குக் கரிகிரிதான் ஞாபகம் வந்துச்சு. 1955-ல தொழுநோய்க்காரங்களுக்குன்னு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. உணர்ச்சி செத்த காலை தினம் பாக்கணும், ஊற வைக்கணும், தடிச்ச தோலைத் தேய்க்கணும், எண்ணெய் தடவணும்னு அங்கதானே நமக்குப் புத்தியில ஏறுச்சு? முக்காலியில உக்காந்து நீ ஒவ்வொரு காலா திருப்பித் திருப்பிப் பாப்பியே, அதை விடப் பெரிய கால் கழுவற ஆராதனையை நான் பாத்ததில்ல. திங்கட்கிழமை தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எலும்பு வரைக்கும் போகலையாம். ஸ்தோத்திரம்.

இப்ப சொல்லப்போறதுதான் மனசை அறுக்குது. தாத்தாவுக்கு மூணு மாசச் சம்பளம் பாக்கி. "அடுத்த கூட்டத்தில்"னு ரெண்டு தடவை தள்ளி வச்ச மினிட்ஸ்ல என் கையெழுத்து இருக்கு. அதே கூட்டத்துல கோபுர லைட்டுக்குப் பணம் பாஸாச்சு. வலது பக்கம் ஒருத்தன், இடது பக்கம் ஒருத்தன் உக்கார இடம் கேட்ட யாக்கோபு, யோவானைப் பத்தி வாழ்நாள் பூரா கேட்டாச்சு. "எல்லாருக்கும் ஊழியக்காரனாயிருக்கக்கடவன்"னு ஆண்டவர் அவங்களுக்குச் சொன்ன பதிலும் மனப்பாடம். அதையொட்டி வர்ற வசனத்தைத்தானே ஐடா ஸ்கடர் அம்மா தான் ஆரம்பிச்ச சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வாசகமா வச்சாங்க? நமக்கு ஊழியம்னா இப்ப பதவிப் பேரா போயிடுச்சுடி. மேடை, மாலை, மைக். தேர்தல்ல ரெண்டு அணி, நானும் ஒரு அணியில நின்னு ஜெயிச்சவதான்.

ஞாயித்துக்கிழமை கமிட்டி. சம்பளப் பாக்கியை முதல் தீர்மானமா வைக்கறேன், பி.எஃப்.பும் கேக்கப் போறேன். லைட்டு அப்புறம் எரியட்டும். ஒத்துக்கலன்னா நாற்காலியை அவங்களே வச்சிக்கட்டும்.

உன்கிட்ட ஒரு காரியம் ஆகணும். புண்ணு ஆறினதும் அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதான் உணர்ச்சியில்லாத காலுக்குப் போடற அந்த மெத்து ரப்பர் செருப்பு, வாங்கணும். நீ கரிகிரியில எத்தனையோ பேருக்கு அளவு எடுத்தவ. பேப்பர்ல கால வரைஞ்சு எடுக்கும்போது நிக்க வைக்கணுமா, உக்கார வைக்கணுமா? பெருவிரல் பக்கம் எவ்வளவு இடம் விடணும்? உடனே எழுது. இல்லன்னா போன் பண்ணு, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல.

உன்,
குள்ளச்சி