மோடம் விஷயமாக

சேலம்,
ஆவணி, ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான். மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. கூழ் ஊற்றினோம். கூட்டம் அதிகம் என்று நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதே போனைத்தான் அம்மாவும் எடுத்துப் பார்க்கிறாள். அதோடு உனக்கு நெட் சரியில்லை என்கிறாய். ஸ்பீட் போஸ்ட்டுக்கு நெட் வேண்டாம். பார்சலுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

சரி, உன் மோடம் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு இங்கே தெருவரைக்கும் வீட்டுவரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. நீ இருக்கும் நியூஜெர்சியில் டிவி கேபிளிலேயே நெட் வருகிறது என்று கார்த்தி சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது. செம்புக் கம்பி என்றால் நம் ஆள். ஒரு மாதமாக யூடியூபில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மோடம், ரவுட்டர் இரண்டு பெட்டியையும் அணை. ஒரு நிமிடம் சும்மா இரு. அப்புறம் மோடத்துக்கு மட்டும் கரன்ட் கொடு. லைட்டுகள் ஒவ்வொன்றாக வரும்: பவர், டவுன்ஸ்ட்ரீம், அப்ஸ்ட்ரீம், கடைசியில் ஆன்லைன். அந்தக் கடைசி லைட் மினுக்காமல் நின்று எரியும் வரை ரவுட்டரைத் தொடாதே. அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டால், மோடம் எழுவதற்கு முன்பே ரவுட்டர் எழுந்து, வெளியிலிருந்து ஐ.பி. முகவரி கிடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவது உண்டு. கார்த்திக்கு இந்தப் பொறுமை கிடையாது. உனக்கு உண்டு.

டவுன்ஸ்ட்ரீம் லைட்டே நிற்காமல் மினுக்கினால் சிக்னல் உள்ளே வரவில்லை. அது நின்று, அப்ஸ்ட்ரீம் மினுக்கினால், வருவது வருகிறது, நீ பேசுவதுதான் போய்ச் சேரவில்லை. இரண்டுக்குமே முதல் சந்தேகம் ஜாயின்ட். சுவரிலிருந்து வரும் கேபிளின் முனையில் திருகு மாதிரி இருக்குமே, அதை இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பார். கழற்றினால் நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பளபளவென்று நேராக நிற்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது வீடு என்பதால் முன்னால் குடியிருந்தவர்கள் டிவிக்கு என்று ஸ்பிளிட்டர் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 3.5 டெசிபல் போய்விடும், அதாவது பாதிக்கும் மேல். உனக்கு டிவி இல்லையென்றால் அதை எடுத்து எறிந்துவிட்டு நேராகக் கொடு. உயரத்தில் இருந்தால் ஸ்டூலில் தனியாக ஏறாதே. பக்கத்து வீட்டில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

புது வீடு என்று எழுதிவிட்டேன். பார்சலுக்கு விலாசம் கேட்டபோது கார்த்திதான் சொன்னான். நீ சொல்லவில்லை. வீடு மாறினால் என்ன, யாரும் மாறுவதுதான். ஆனால் எத்தனை அறை என்றாவது சொல்லியிருக்கலாம். வைஃபைக்கு அது முக்கியம். சுவர் எத்தனை, ரவுட்டர் எந்த மூலையில், நீ உட்காரும் இடம் எங்கே என்று தெரியாமல் நான் இங்கிருந்து என்ன சொல்ல முடியும்? ஒரு அறைதான் என்றால் வைஃபையைக் குறை சொல்லவே முடியாது. 5 கிகாஹெர்ட்ஸில் போட்டுவிடு, மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் தொந்தரவு இருக்காது.

கடையிலிருந்து மோடம் வாங்கி வந்து, கம்பெனிக்கு போன் செய்து அதன் நம்பரைச் சொல்லி, ஒருத்தியாகவே மாட்டிவிட்டாயாமே. கேட்டதும் பெருமையாக இருந்தது. ஐந்தாவது படிக்கும்போது என் டெஸ்ட் போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள்தானே நீ. பெருமைதான். இருந்தாலும் இதே வேலையில் 34 வருஷம் இருந்த ஒரு மனுஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உனக்குத் தோன்றவில்லை பார்.

வைஃபையா மோடமா என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, ரவுட்டரை நடுவிலிருந்து எடுத்துவிடுவது. லேன் கேபிளில் லேப்டாப்பை நேராக மோடத்தில் மாட்டு. மாட்டியதும் வேலை செய்யாது, பயந்துவிடாதே. மோடம் தான் முதலில் பார்த்த பெட்டியைத்தான் நினைவில் வைத்திருக்கும். வேறு ஒன்றை மாட்டினால் யாரோ என்று முகம் கொடுக்காது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால்தான் பழையதை மறந்து புதியதை ஏற்கும். நேராக மாட்டி நன்றாக ஓடினால் ரவுட்டரைப் பார். அப்போதும் இழுத்தால் மோடத்தையும் கேபிளையும் பார். டெலிபோன் டிப்பார்ட்மென்ட்டில் நாங்கள் செய்ததும் இதேதான். தெருவோரம் நிற்கும் பில்லர் பெட்டியில் போய், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஜம்பர் கம்பியைக் கழற்றி, எக்ஸ்சேஞ்ச் பக்கம் டயல் டோன் வருகிறதா என்று காது வைத்துக் கேட்போம். வந்தால் கோளாறு வெளியே. வராவிட்டால் உள்ளே. பாதி ஊர் அங்கேயே கழிந்துவிடும்.

அப்புறம், பிரவுசரில் 192.168.100.1 என்று அடி. பெரும்பாலும் மோடத்தின் சொந்தப் பக்கம் திறக்கும். அதில் டவுன்ஸ்ட்ரீம் பவர் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம், மைனஸ் 7 முதல் பிளஸ் 7 வரை இருந்தால் கவலை இல்லை. அப்ஸ்ட்ரீம் 35 முதல் 49க்குள் இருக்கலாம். 50ஐத் தாண்டிப் போனால், மோடம் சொல்வது அந்த முனையில் காதில் விழவில்லை, அதனால் அது கத்திப் பேசுகிறது என்று அர்த்தம். அதே பக்கத்தில் அது எழுதி வைக்கும் டைரி ஒன்றும் இருக்கும். அதில் டி3 டைம்அவுட் என்று அடிக்கடி வருகிறதா பார். ‘நான் கூப்பிட்டேன், பதில் வரவில்லை’ என்று அது தேதி நேரம் போட்டு எழுதி வைப்பதுதான் அது. இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் வேறு எதையும் பார்க்கவில்லை. எங்கள் காலத்து எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு வசதி இல்லை.

ஜாயின்ட்டை இறுக்கிப் பார்க்க மறக்காதே. பத்துக்கு எட்டு கோளாறு அங்கேதான்.

ஏற்காட்டில் நான் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. ஒரு மழைக்காலத்தில் ஒரு காபித் தோட்டத்து பங்களாவுக்கு லைன் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் செய்தால் லூப் காட்டியது. சில்வர் ஓக் மரக் கிளை விழுந்து இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, போஸ்ட் போஸ்ட்டாக நடந்தேன். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். ஒரு கம்பியும் ஒட்டவில்லை. கடைசியில் பங்களாவுக்குள் போனால், ரிசீவரை எடுத்து மேஜையில் தனியாக வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துத் தாங்கியில் வைத்துவிட்டு, ‘லைன் சரியாகிவிட்டது’ என்று சொல்லி வந்தேன். ரிப்போர்ட்டில் கிளை விழுந்ததாகத்தான் எழுதினேன்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. தெரிகிறது.

பாப்பா, நீ நாள் முழுக்க அந்த நெட்டில்தான் ஆபீஸ் வேலை பார்க்கிறாய். கார்த்தியோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினாயாம். எங்களுக்குப் போட்டால் மட்டும் படம் வருவதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது, அதுவும் நாலு நிமிடம். ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் கெட்டுப்போகிற லைனை நான் 34 வருஷத்தில் பார்த்ததில்லை.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டாயே. அம்மா சமையலறையில் அடை ஊற்றிக்கொண்டிருந்தாள். ‘அம்மா பக்கத்தில் இருக்கிறாளாப்பா? உங்களிடம் ஒன்று சொல்லணும்’ என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தேன். பார்த்ததும் என் கை டிவி ஸ்டாண்டுக்குக் கீழே போய்விட்டது. ரவுட்டர் சுவிட்சை நான்தான் அணைத்தேன். நெட் போகவில்லை.

அரை மணி கழித்து சாதா போனில் கூப்பிட்டு, நெட் போய்விட்டது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். நீ ‘சரிப்பா’ என்றாய். சொன்ன பொய்க்காக மறுநாள் கேபிள்காரத் தம்பியை நிஜமாகவே கூப்பிட்டேன். பாவம், வெயிலில் கம்பத்தில் ஏறி, கனெக்டரை மாற்றி, லேசரை அளந்து பார்த்துவிட்டு ‘ஐயா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு’ என்றான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் உன் பக்கம் நெட் கெட ஆரம்பித்தது. நான் காட்டிக் கொடுத்த வழிதான் அது.

முப்பது வருஷம் ஊர்க்காரர்களுக்கெல்லாம், முதலில் உங்கள் வீட்டு போனைப் பாருங்கள், அப்புறம் டிப்பார்ட்மென்ட்டைத் திட்டுங்கள் என்று சொன்னவன் நான். ஒரு மாதமாக உன் மோடத்தைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒன்றை நீ எப்போது வேண்டுமானாலும் சொல். உடனே சொல்ல வேண்டும் என்றில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு நான் ஹாலில்தான் இருப்பேன்; உனக்கு அப்போது சனி ராத்திரி ஒன்பது மணி. அம்மா அந்நேரம் கோயிலுக்குப் போய்விடுவாள். அவள் இருந்தாலும் பரவாயில்லை என்றால் ஏழரைக்குக் கூப்பிடு. படம் வேண்டாம் என்றால் படம் வேண்டாம், குரல் போதும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன், கரன்ட் போனாலும் நெட் நிற்காது. சுவிட்ச் மேல் செல்லோ டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பார்சலில் தட்டுவடை, ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டு மிளகு, காபிப்பொடி இருக்கிறது. தட்டுவடை நொறுங்காமல் வர வேண்டும் என்று நானே தினத்தந்தியில் சுற்றினேன். குளிருக்கு முன்னால் நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள். கேபிள் முனையை இறுக்கிப் பார்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எப்போதும் ஒரு கிலோ காபிப்பொடி கட்டும் அம்மா, இந்தத் தடவை அரைக் கிலோ போதும் என்று சொல்லிவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.