பொருள்: உங்கள் சைக்கிள் கம்ப்யூட்டரில் கடிகாரம் பின்தங்குவது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், திருவான்மியூர், சென்னை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 21.05.2025

ஐயா / அம்மா,

வணக்கம். 2024 நவம்பரில் உங்கள் நிறுவனத்தின் வயர்லெஸ் சைக்கிள் கம்ப்யூட்டரை, அதாவது ஹேண்டில்பாரில் மாட்டி வேகத்தையும் தூரத்தையும் காட்டும் சின்னக் கருவியை, 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வேகத்திலும் தூரத்திலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. 28 மில்லிமீட்டர் டயருக்கான சக்கரச் சுற்றளவு 2136 மில்லிமீட்டர் என்று போட்டேன். மைல்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் ஒத்துப்போகிறது. என் புகார் அதே திரையின் மேல் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பற்றியது. அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது.

உங்கள் சேவை எண்ணுக்கு இரண்டு முறை அழைத்துச் சொல்லிவிட்டேன். "சைக்கிள் கம்ப்யூட்டரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் சார் செய்யும்" என்ற ஒரே பதில்தான் இரண்டு முறையும் வந்தது. அதனால்தான் எழுத்தில் விவரமாகக் கொடுக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. 200 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட்டினேன். பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி நடக்கும் நெடுந்தூர ஓட்டம் அது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம்தான் கெடு. போதாததற்கு வழியில் உள்ள ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும், அதாவது ஓட்டுபவர் தன் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டிய சோதனை இடத்துக்கும், மூடும் நேரம் தனியாக உண்டு. 150ஆவது கிலோமீட்டரில் இருக்கும் கன்ட்ரோல், புறப்பட்ட பத்தாவது மணி நேரத்தில் மூடிவிடும். காலை 6 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே மரக்காணம் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அந்த 150ஆவது கிலோமீட்டர் கன்ட்ரோல். மாலை 4 மணிக்குள் அங்கே கார்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

அன்று எனக்கு இரண்டு பஞ்சர். இரண்டாவது ட்யூப் மாற்றி முடித்தபோது அவகாசம் மிகக் குறைவாகத்தான் இருந்தது. போன் பின்பையில், பாலித்தீன் உறைக்குள் கிடந்தது. கண்ணெதிரே ஹேண்டில்பாரில் இருந்தது உங்கள் கருவி. அதன் நேரத்தை நம்பித்தான் கடைசி எட்டு கிலோமீட்டரை ஓட்டினேன். நடுவில் ஒரு பெட்டிக்கடையில் நின்று பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டேன். நேரம் இருக்கிறது என்று திரை சொன்னதால்தான் நின்றேன். கார்டை நீட்டியபோது என் திரையில் 3:57. கன்ட்ரோலில் இருந்த தன்னார்வலரின் போனில் 4:01. அவர் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விதி விதிதான், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மீதி 50 கிலோமீட்டரையும் ஓட்டி, இரவு 7 மணி சுமாருக்கு வந்து சேர்ந்தேன். மொத்தக் கெடுவுக்குள்தான் வந்தேன். ஆனாலும் அந்த ஓட்டம் கணக்கில் சேரவில்லை. நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தது இதற்காகத்தான்.

கடைசியாக நான் நேரம் வைத்தது எப்போது என்று வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். குடியரசு தினத்தன்று பேட்டரி மாற்றினேன், அன்றுதான். சரியாக 49 நாள். அப்புறம் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

உங்கள் கருவி நொடிகளைக் காட்டுவதில்லை. அதனால் நிமிட எண் மாறும் கணத்தைக் கவனித்து, டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பராமரிக்கும் இந்திய நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்தேன். மார்ச் 23 முதல் ஏப்ரல் 20 வரை 28 நாள் கருவியை மேசை டிராயரிலேயே வைத்திருந்தேன். 1 நிமிடம் 55 நொடி பின்தங்கியது. அடுத்த 28 நாள், வழக்கம்போல சைக்கிளிலேயே மாட்டி, அலுவலக வாசலில் வெயிலில் நிற்கவிட்டேன். மே 18 அன்று பார்த்தால் 2 நிமிடம் 35 நொடி. ஒரு நாளைக்கு ஐந்தரை நொடி! தினமும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. ஏழு வாரம் கழித்து, ஒரு நிமிடம்கூடப் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் படும்.

இதன் காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. இது போன்ற கருவிகளில் நொடிக்கு 32,768 முறை அதிரும் சின்ன குவார்ட்ஸ் படிகம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் படிகத்துக்கே பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில்தான் பிழை சொல்வார்கள். அதாவது நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. என் கருவி டிராயருக்குள் இருந்தபோதே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிசகியது. ஆகவே இதை வெயிலின்மேல் மட்டும் போட்டுத் தப்ப முடியாது.

வெயிலுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. இந்த வகைப் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் சரியாக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும் என்பதால், 55 டிகிரியில் நாள் முழுக்க இருந்தால் இரண்டரை நொடிக்கு மேல் போய்விடும். கறுப்பு பிளாஸ்டிக் கூடு, நேர் வெயில், சென்னையின் மே மாதம். இந்த ஊரில் விற்கும் பொருளை இந்த ஊர் வெயிலுக்குத்தானே சரிசெய்து தர வேண்டும்?

இந்தப் பிழையால் வேகம் தவறாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக்கூட அது மாறாது. கடிகாரத்தில் மட்டும் பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்ததைக் கழிக்க உங்கள் கருவியில் வழியும் சரியாக இல்லை. நேரம் வைக்கும்போது மணியையும் நிமிடத்தையும்தான் மாற்ற முடிகிறது. செட் பட்டனை அழுத்தியதும் நொடி பூஜ்யத்துக்கு வருவதில்லை, அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, நேரம் வைக்கும் அன்றைக்கே ஒரு நிமிடம் வரை தப்பாக இருக்கலாம். பேட்டரி மாற்றினால் 12:00க்குப் போய்விடுகிறது. மொத்தத் தூரத்தை மறக்காத கருவி, நேரத்தை மட்டும் மறந்துவிடுகிறது. மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். கடிகாரம் மாதத்துக்கு எவ்வளவு பிசகும் என்று ஒரு வரிகூட இல்லை. சாதாரணக் கைக்கடிகாரத்தின் மேனுவலில்கூட அது இருக்கிறது.

இரண்டாவது அழைப்பில், ஜிபிஎஸ் மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரத்திலிருந்து அது நேரம் எடுக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும், விலையும் பல மடங்கு. ஒரு சிஆர்2032 பட்டன் செல்லில் மாதக்கணக்கில் ஓடுகிறது என்பதற்காகவே உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் அதையே வைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன்.

நான் கேட்பது இவைதான். என் கருவியைப் பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுங்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது. மாற்றிக் கொடுத்தால், அனுப்பும் முன் அதன் கடிகாரத்தை ஒருமுறை சோதித்து, நாளைக்கு எத்தனை நொடி பிசகுகிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்துத் தயாரிப்பவற்றில், செட் அழுத்தியதும் நொடி பூஜ்யமாகும்படி செய்யுங்கள். முடிந்தால் 'நாளைக்கு இத்தனை நொடி கூட்டு, குறை' என்று பயன்படுத்துபவரே திருத்திக்கொள்ளும் ஒரு வசதியையும் சேர்த்துவிடுங்கள். குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் துடிப்புகளைக் கணக்காக விட்டுவிட்டு நேரத்தைத் திருத்தும் முறை வெகுகாலமாக உண்டு. அதற்குப் புதிய பாகம் எதுவும் தேவையில்லை, மென்பொருளில் சில வரிகள் போதும். என்னைப் போன்றவர்கள் நான்கு வாரம் அளந்து, அந்த எண்ணைப் போட்டுக்கொள்வோம்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு இதைக் கொண்டுபோக நான் இன்னும் நினைக்கவில்லை. உங்கள் பொறியாளர் ஒருவர் இதைப் படித்துப் பதில் எழுதினால் அதுவே எனக்கு முக்கியம். ரசீதின் நகலையும், இரண்டு சோதனைகளின்போது ஒவ்வொரு ஞாயிறும் நான் குறித்த அளவுகளையும் இணைத்திருக்கிறேன். ஜூன் 15க்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். செப்டம்பரில் மறுபடியும் 200 ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன், அதற்கு முன் கருவி கைக்கு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்