பாண்ட்ஸை எடுத்திருக்கலாம்

ஆசிரியருக்கு,

ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கிய மூத்த பேஸ்பால் வீரர்களை அணிகள் சேர்க்கலாமா என்று கேட்டால், எனக்கு அமெரிக்க பேட்ஸ்மேன் பேரி பாண்ட்ஸ்தான் நினைவுக்கு வருகிறார். 43 வயதைத் தொட்ட 2007இல் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்காக 28 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். வாழ்நாள் ஹோம் ரன் சாதனையான ஹாங்க் ஆரனின் 755ஐயும் தாண்டினார். மறு ஆண்டு குறைந்தபட்சச் சம்பளத்துக்கே ஆடத் தயார் என்று ஏஜென்ட் சொல்லியும் 30 அணிகளில் ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. ஊக்கமருந்து விசாரணையில் பொய்ச்சாட்சி சொன்னதாக வழக்கு தலைக்கு மேல் இருந்தது, சரி. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் போட்டதை ஒப்புக்கொண்ட ஆண்டி பெட்டிட் அதே 2008இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் பந்து வீசினாரே! பாண்ட்ஸ் சிடுமூஞ்சி, பத்திரிகைக்காரர்களிடம் முறைப்பவர், அதுவும் இடித்திருக்கும். ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் ஆட, இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் வழி இருந்தது. ஓர் அணியாவது துணிந்திருக்கலாம்.

– ஒரு வாசகர்