பன்னிரண்டாவது மாடிக்கு டாட்டா காட்டியவர்களுக்கு

அயோவா சிட்டி, கோரல்வில் தமிழ்க் குடும்பங்களுக்கும், எங்களைத் தாங்கிக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் பிறக்கப்போகிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி ஏறிவிட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹாக்ஐஸின் பயிற்சி முகாம் தொடங்குகிற நேரம். போன வருஷம் இந்தக் கொடிகளைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போனவள் நான். இந்த வருஷம் எங்கள் வாசலிலும் ஒன்று ஏறியிருக்கிறது. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2025 செப்டம்பரில் எங்கள் ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். பல்கலைக்கழகத்தின் ஸ்டெட் ஃபேமிலி குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த வாரம், 13-ஆம் தேதி, ஹாக்ஐஸ் பயிற்சியாளர் கிர்க் ஃபெரென்ட்ஸ் அயோவாவில் தன் 206-ஆவது வெற்றியைப் பெற்று, பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு வரலாற்றிலேயே அதிக வெற்றி கண்ட பயிற்சியாளரானார். வார்டில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு அது ஆத்திரமாக வந்தது. கைதட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. வெள்ளணு குறைந்திருக்கும்போது குழந்தைக்கு எதெல்லாம் ஆகாது என்று நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனீர்கள். மறுநாள் கொதிக்கக் கொதிக்க ரசம் வந்தது. மேலே பச்சைக் கொத்தமல்லி தூவவில்லை. மூடியைத் திறந்து அதைக் கவனித்தபோதுதான் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். சின்னவனைப் பள்ளியிலிருந்து முறைவைத்துக் கூட்டிவந்த நாலு வீட்டாரையும் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இயற்பியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் தம்பிக்கு அடுத்தது. நாங்கள் தூங்குவதற்காக எத்தனையோ இரவு நீ உட்கார்ந்திருந்தாய். என் கணவரின் சம்பளச் சீட்டில் இருக்கும் ஒரு பெயராக மட்டுமே இந்தப் பல்கலைக்கழகத்தை நான் அறிந்திருந்தேன். 1846 டிசம்பரில் அயோவா மாநிலமாகி இரண்டே மாதத்தில், 1847 பிப்ரவரி 25 அன்று, பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னபோது, காடு திருத்தி வீடுகூட ஒழுங்காகக் கட்டாத ஜனங்களுக்குப் படிப்பில் அத்தனை அவசரமா என்று வியந்தேன். மாநிலத் தலைநகரம் இங்கிருந்து டிமோயினுக்கு மாறியதும் பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டதாம். அந்தத் தங்கக் கூரையை என் மகள் கோயில் என்றுதான் நினைத்திருந்தாள். 1855-லேயே ஆணும் பெண்ணும் சமமாகச் சேர்ந்து படிக்க வழி செய்ததும், உங்கள் துறையின் வான் ஆலன் செய்த கருவி 1958-இல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளில் ஏறி, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைக் காட்டிக்கொடுத்ததும் உன்னால்தான் தெரியும். அவளுக்கு அதுதான் தூக்கக் கதை.

ஆட்டத்தையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாது என்று தெரிந்தால் பந்தை ஓங்கி உதைத்து எதிராளியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்த உதைக்குக்கூட இங்கே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். மைதானத்துக்குப் பெயர் தந்த நைல் கின்னிக் 1939-இல், கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் விருது வாங்கியவர், 1943-இல் கடற்படைப் பயிற்சியின்போது விமானத்தோடு கடலில் விழுந்து இறந்தபோது 24 வயதுதான். அவர் அம்மாவைப் பற்றியே அன்றிரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27, இந்தியானாவுடன் ஆட்டம். தெருவுக்கு எதிர்ப்புறம்தான் மைதானம். பன்னிரண்டாவது மாடியில் சுவர் முழுக்கக் கண்ணாடி. மருந்து பாட்டில் தொங்கும் கம்பிகளோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் கால்பகுதி முடிந்தது. மைதானத்தில் இருந்த ஏறக்குறைய 69,000 பேரும் திரும்பி, எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்கள். இரண்டு அணி ஆட்டக்காரர்களும், நடுவர்களும்கூட. "அம்மா, எல்லாரும் எனக்கு டாட்டா காட்றாங்க" என்றாள். பத்து நாளாகப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை. ஒரு ரசிகை ஃபேஸ்புக்கில் எழுதிய யோசனை இது, 2017-இலிருந்து நடக்கிறது என்றார்கள். முகம் தெரியாத அந்தத் தாய் நன்றாயிருக்க வேண்டும்.

அன்று 20-15 என்று தோற்றோம். நம்மை வென்ற இந்தியானாதான் பிறகு தேசிய சாம்பியன்.

நவம்பர் 8, ஓரிகன் ஆட்டத்தன்று அவளுக்கு அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டதால் மேலே போக அனுமதி இல்லை. நர்ஸம்மா, நீங்கள் கட்டிலின் பிரேக்கை எடுத்து அறை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தீர்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. அந்தக் குளிரிலும் மழையிலும் நனைந்துகொண்டு அத்தனை பேரும் கை அசைத்தார்கள். கடைசி மூன்று வினாடி இருக்கையில் எதிரணி கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு உதையில் 18-16 என்று ஆட்டம் கைவிட்டுப்போனது. அவள் அழுதாள். ஊசிக்கும் அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது மாத்திரைகளோடு வீட்டில் இருக்கிறாள். முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. செப்டம்பரில், இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டின் அணி நம் ஊருக்கு வருகிறது. போன வருஷம் அவர்கள் ஊரில் 16-13 என்று தோற்ற கணக்கு பாக்கி இருக்கிறது. ஃபெரென்ட்ஸுக்கு இது 28-ஆவது பருவம். எப்படியும் தடுப்பாட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன். முகக்கவசத்தோடு போகலாம் என்று மருத்துவர் சம்மதித்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தா, தன் மூன்று டிக்கெட்டுகளை எங்களுக்கே கொடுத்துவிட்டு டிவியில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். தாத்தா, இதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்?

இரண்டு நாளாக வீட்டில் ஒத்திகை. சின்னவனுக்கும் அப்பாவுக்கும் அவள்தான் வாத்தியார். "விரலை மட்டும் ஆட்டக் கூடாது. கையை முழுசா மேலே தூக்கி, மெதுவா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டணும். அப்பத்தான் மேலே இருக்கிறவங்களுக்குத் தெரியும்."