அடைப்புக்குறிக்குள் இருக்கும் தீவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறு தீவுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் பவளத்திட்டுகளுக்குச் சுயநிர்ணய உரிமை பேசுவது வெறும் உணர்ச்சிவசம் என்று கட்டுரையை முடித்த இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அட்லஸில் பசிபிக் பக்கத்தை விரித்தால் கடுகு சிந்தியது போலப் புள்ளிகள் கிடக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர். பல பெயர்களுக்குப் பக்கத்தில், இன்னும் பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டின் பெயர். பிள்ளைகள் அதில் விரலை வைத்து, "டீச்சர், இது யாரோட ஊரு?" என்று கேட்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அவர்கள் கேட்டது அதை அல்ல என்பது எனக்கும் தெரியும்.

சுயநிர்ணயம் என்றாலே தனிநாடு என்று கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பிசகு அங்கேதான் தொடங்குகிறது. 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை, காலனி நாடுகளுக்கும் மக்களுக்கும் சுதந்திரம் தருவது பற்றிய 1514ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது 89 நாடுகள் ஆதரித்தன, ஒரு நாடுகூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், அமெரிக்கா உள்பட 9 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அரசியலிலோ பொருளாதாரத்திலோ கல்வியிலோ ஒரு மக்கள் இன்னும் தயாராகவில்லை என்பதைச் சாக்காக வைத்து அவர்களுடைய சுதந்திரத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அந்தத் தீர்மானம் வெளிப்படையாகவே சொல்கிறது. மறுநாள் வந்த 1541ஆம் தீர்மானம் மூன்று வழிகளைத் திறந்து வைத்தது: தனிநாடாகலாம், இன்னொரு நாட்டோடு விருப்பப்பட்டு உறவு வைத்துக்கொண்டு தன்னைத் தானே ஆண்டுகொள்ளலாம், அல்லது அந்த நாட்டோடு சம உரிமையுடன் இணைந்துவிடலாம். மூன்றில் எதை எடுத்தாலும் அங்கே வாழ்பவர்கள் தெரிந்து, விரும்பி எடுத்திருக்க வேண்டும். தன்னாட்சி பெறாத பிரதேசங்கள் என்ற ஐ.நா. பட்டியலில் இன்றும் 17 பெயர்கள் இருக்கின்றன. மேற்கு சகாராவையும் ஜிப்ரால்டரையும் விட்டால் மீதி பதினைந்தும் தீவுகள். அவற்றில் ஒன்றான பிட்கெய்னில் ஏறக்குறைய 50 பேர்தான் வாழ்கிறார்கள்.

பசிபிக்கில் இருக்கும் டோக்கலாவைப் பாருங்கள். அடாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ என்று மூன்று பவளத்தீவுகள், மொத்தம் 1,500 பேர். விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஊரார் சேர்ந்து பிடித்த மீனைக் கரையில் பரப்பி, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். இதற்கு இனாத்தி என்று பெயர். கடலுக்குப் போக ஆளில்லாத கிழவியின் வீட்டுக்கும் பங்கு உண்டு. நிர்வாகம் நியூசிலாந்தின் கையில்.

நியூசிலாந்தோடு விருப்ப உறவில் இருந்துகொண்டு தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வதா என்று 2006 பிப்ரவரியில் இவர்களிடம் கேட்டார்கள். ஐ.நா. பார்வையாளர்கள் உடனிருக்க வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது நிபந்தனை. கிடைத்தது 60 சதவீதம். 2007 அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். 692 செல்லுபடி வாக்குகளில் 446 ஆதரவு. 16 வாக்கு குறைந்தது. ஒரு தெருக்காரர்கள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். மாறவில்லை. டோக்கலாவ் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கேட்டார்கள், யோசித்தார்கள், இப்போது வேண்டாம் என்றார்கள். 2009இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட கொடியில் ஒரு பாய்மரத் தோணி நட்சத்திரங்களை நோக்கிப் போகிறது. எப்போது கரையேறுவது என்பதை அதை ஓட்டுபவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

ஏறக்குறைய இதே அளவு மக்கள் வாழ்ந்த இன்னொரு தீவுக்கூட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: சாகோஸ். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களும் தென்னந்தோப்புகளில் வேலை பார்த்து, கொப்பரை காயவைத்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1965 நவம்பரில், மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பே, பிரிட்டன் இந்தத் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டியிருந்தது. அதற்குத் தீவில் ஆள் இருக்கக் கூடாது.

1968 முதல் 1973 வரை ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பி வரக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. 1971இல் அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, புகைவிட்டுக் கொன்றார்கள். பிறகு ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். இத்தனைக்கும் காகிதத்தில் அங்கே நிலையான குடிகளே இல்லை, வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்கள் மட்டுமே என்று எழுதி வைத்தார்கள். குடிகள் உண்டு என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குக் கணக்கு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அதிகாரிகளின் குறிப்புகள் பின்னாளில் வெளிவந்தன. ஒரு மக்கள் கூட்டத்தை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

அங்கே 1,500 பேர், இங்கேயும் ஏறக்குறைய 1,500 பேர். டோக்கலாவில் இரண்டு முறை கேட்டார்கள், சாகோஸில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எண்ணிக்கைதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு என்ன விளக்கம்? ஓடுதளம் போட வாகான தீவு ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

அந்த டியகோ கார்சியாவின் பெயர் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் சிலர் வந்த படகு கடலில் தத்தளித்து அங்கே கொண்டு போகப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடார முகாமில் கிடந்தார்கள். சொந்த மக்களே கால்வைக்க முடியாத மண்ணில் அகதிக்கு என்ன சட்டம் இருக்கும் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

யாரைக் கேட்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. பசிபிக்கில் பிரான்சின் கீழ் இருக்கும் நியூ கலிடோனியாவின் மூத்த குடிகள் கனாக் மக்கள், இன்று மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. தானாக நேர்ந்ததல்ல இது. பிரெஞ்சுக் குடிமக்களைத் திரளாகக் குடியேற்றினால் தேசியக் கோரிக்கை அடங்கும் என்று 1972இல் பிரதமர் பியர் மெஸ்மர் கடிதமே எழுதியிருக்கிறார். 1998 நூமேயா உடன்படிக்கையின்படி மூன்று வாக்கெடுப்புகள் நடந்தன. 2018இல் சுதந்திரத்துக்கு 43 சதவீத ஆதரவு. 2020இல் ஏறக்குறைய 47. மூன்றாவது 2021 டிசம்பரில். கொரோனாவில் இறந்தவர்களுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறோம், தள்ளி வையுங்கள் என்று கனாக் தரப்பு கேட்டது. பாரிஸ் கேட்கவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். முந்தைய முறை 85 சதவீதத்துக்கு மேல் இருந்த வாக்குப்பதிவு 44 சதவீதத்துக்கு இறங்கியது. பதிவான வாக்கில் 96 சதவீதத்துக்கு மேல் சுதந்திரம் வேண்டாம் என்றது. சாவு வீட்டில் போய்க் கையெழுத்து வாங்கிய கதை. 2024 மே மாதம் பத்தாண்டு குடியிருந்தவர்களை மாகாணத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் திருத்தம் வந்தபோது ஊர் பற்றி எரிந்தது, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்தாண்டு வாழ்ந்தவருக்கும் அந்த மண்ணில் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டமிட்டுச் சிறுபான்மையாக்கிவிட்டு, இனி தலையை எண்ணுவோம் வாருங்கள் என்று அழைத்தால் வருவார்களா?

பெரிய நாட்டோடு இருக்க விரும்பிய தீவுகளும் உண்டு. கரீபியக் கடலில் இருக்கும் அங்குயிலாவைப் பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸோடு பிரிட்டன் சேர்த்துக் கட்டியபோது 1967இல் அந்த மக்கள் செயின்ட் கிட்ஸ் போலீசாரை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பிரிவதற்கு 1,813, எதிராக 5. கடைசியில் பிரிட்டனின் கீழேயே நிலைத்தார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதான்.

சிறிய நாடுகளால் உலகுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குப் பசிபிக்கில் இருக்கும் வனுவாட்டுவைச் சொல்வேன். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட அந்தத் தீவுகள் 1980இல் தனிநாடாயின. பருவநிலை விஷயத்தில் அரசுகளின் சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என 2023இல் ஐ.நா. பொதுச்சபையை ஒப்புக்கொள்ள வைத்தது வனுவாட்டுதான். 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்தைச் சொன்னது. அதே கடல் உயர்ந்தால் டோக்கலாவும் மூழ்கும், ஆனால் அதற்கு ஐ.நா. பொதுச்சபையில் இருக்கை கிடையாது.

மறுபடி சாகோஸுக்கு வருகிறேன். மொரீஷியஸின் காலனி நீக்கம் முறைப்படி முடியவில்லை, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தளமாகவே தொடரும். மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம், டியகோ கார்சியாவில் கூடாது. கையெழுத்திட்ட மேசையில் சாகோஸ் மக்களுக்கு இடமில்லை. மொரீஷியஸோடு போவதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஒப்பந்தத்தை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாக்காக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் வரவில்லை.

தங்கள் கட்டுரை சாகோஸ் விவகாரத்தை இரு நாடுகளுக்கிடையே தீர்ந்துபோன எல்லைத் தகராறு என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. அந்த ஒரு வரியைத் திருத்தி ஒரு குறிப்பு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், தீவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நீதிமன்றங்களில் சொன்ன வாக்குமூலங்களில் ஒன்றிரண்டையாவது தமிழில் வெளியிடுங்கள். இப்போது முதுமையில் இருக்கும் அந்தத் தலைமுறையின் பேச்சை நம் வாசகர்கள் நேராகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி